கதவோரம் உட்கார்ந்தவள்

தாஷ்-பெல் கணவாய், பனி நிலையம்
செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு தாலாய் எழுதுவது. நான் சுகம். நீயும் உன் ஆடுகளும் சுகமா? குளிருக்கு எரிக்கிற எருவாட்டி மூட்டையெல்லாம் உள்ளே ஏற்றிவிட்டாயா? மழை வருவதற்குள் ஏற்று. கருவிகள் மழை என்கின்றன.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டில் என்ன செய்துவிட்டு வந்தாய்?

நேற்று ஜாகிப் அண்ணன் டீசல் கொண்டுவந்தார். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவருக்கு சம்பந்தி ஊரான நாரினில் தெரியாத வீடு கிடையாது, கேள்விப்படாத சண்டை கிடையாது. டீசலை இறக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “உங்க அக்கா தோர்ல உக்காரமாட்டேன்னுட்டாங்களாமே தம்பி? கதவுகிட்ட, பூட்ஸ் கழட்டுற எடத்துல, பரிமாறுற பொண்ணுங்களோட உக்காந்தாங்களாம்.”

நுர்ஸாத்தைக் கட்டிக்கொடுத்த பிறகு நீ முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போகிறாய். பெண்ணைப் பெற்றவள். உனக்காகக் குதிரைக்குட்டி அறுத்திருக்கிறார்கள். கதவுக்கு நேரெதிரே, சுவரோரம், மரியாதை இடமான தோரில் உனக்கென்று மெத்தைமேல் மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள். அதை விட்டு எழுந்து பூட்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? இந்த வீட்டை நான் உறவாக நினைக்கவில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நுர்ஸாத்தின் மாமியார் கல்புபு அம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: “பொண்ணைக் குடுத்தவளுக்கு எங்க வீட்டுத் தோர் கூசுதாம். எங்க சோத்துல என்ன கொறை கண்டாளோ.”

அந்த வீட்டில் வாழப்போவது நீ இல்லை, நுர்ஸாத்.

இங்கே சிக்னல் இல்லை. இருப்பது ஒரு வயர்லெஸ். அதில் பேசினால் மலையில் இருக்கிற அத்தனை நிலையமும் கேட்கும். ஆகவே எழுது. சமாதானம் வேண்டாம், காரணம் எழுது.

புருல் அங்கே இருந்தாளா? கல்புபு அம்மாளின் தங்கை மகள்தானே, இருந்திருப்பாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்கவில்லை என்றாலும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி தாலாய்

*

அக்-தாம்
அக்டோபர் 14

என் கண்ணான தம்பிக்கு,

இங்கே நானும் ஆடுகளும் செம்மறிக்கிடாவும் சுகம். அங்கே நீயும் மெலிஸ் அண்ணனும் சுகமா? அவர் இன்னும் தூக்கத்தில் பாட்டுப் பாடுகிறாரா? ஜாகிப்பிடம் உலர்ந்த தயிர் உருண்டையும் பொரித்த ரொட்டியும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் கொடுத்திருக்கிறேன். பெரியது உனக்கு. மாற்றிப் போட்டுக்கொண்டு சின்னதாக இருக்கிறது என்று எழுதாதே.

நீ எழுதிய அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு முட்டி வலி. தோரில் உட்கார்ந்தால் காலை நீட்ட முடியாது, பெரிய மனுஷர்கள் முன்னால் நீட்டவும் கூடாது. கதவோரம் கொஞ்சம் காற்று வந்தது, அங்கே உட்கார்ந்தேன். கல்புபு அம்மாள் நல்லவர். கொஞ்சம் பேச்சு அதிகம். தானாக மறந்துவிடுவார்.

உனக்கு நல்ல செய்தி ஒன்று. நுர்ஸாத் முழுகாமல் இருக்கிறாள். வசந்தத்தில் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். தொட்டில் நம் வீட்டிலிருந்துதானே போக வேண்டும். பழைய தொட்டிலையே இழைத்து வண்ணம் பூசச் சொல்லியிருக்கிறேன். யாரிடமாவது கொடுத்தனுப்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

புருல் இருந்தாள். எல்லோருக்கும் டீ ஊற்றினாள். மேலே புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். அது உன்னைப் பற்றிக் கேட்டதுதான் என்று நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா சபீரா

*

தாஷ்-பெல்
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். காலுறை சரியாக இருக்கிறது. மெலிஸ் அண்ணன் இப்போது பாடுவதில்லை, யாரையோ திட்டுகிறார். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, ஏனென்றால் நீ சுகமில்லை.

முட்டி வலி என்று எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் நான் இறங்கி வந்தபோது ஏணியில் ஏறி வைக்கோல் பரணில் நின்றுகொண்டு கவைக்கோலால் கட்டுக் கட்டாகத் தள்ளினாய். முட்டி வலிக்கிறவள் செய்கிற வேலையா அது?

இந்த நிலையத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். ஒரு கருவி தப்பாகக் காட்டினால் அதையே உற்றுப் பார்க்காதே, பக்கத்துக் கருவிகளையும் பார். பார்த்தேன். மாதாமாதம் பெண்கள் வீடு மாற்றி வீடு டீக்குக் கூடுவீர்களே, அதற்கு நீ போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகவில்லை. நாரினிலிருந்து நீ திரும்பிய நாளில் பங்கு டாக்ஸி நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்ததையும், நீ பாறைக்குப் பின்னாலிருந்து வந்ததையும் ஜாகிப் அண்ணன் பார்த்திருக்கிறார். டிரைவரோடு சண்டை போட்டு இறங்கிவிட்டாய் என்று நினைத்தாராம். டிரைவரிடம் கேட்டிருக்கிறார். அவன் சொன்னது: “அந்தம்மாவுக்காக நிறுத்தி நிறுத்தியே பொழுது போயிருச்சு. கூட வந்தவங்க என்னைத் திட்டுறாங்க.”

கடைசியாக, பேரப்பிள்ளையின் தொட்டிலை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளையைத் தொட்டிலில் முதலில் கிடத்த வேண்டியது யார்? பெண்ணைப் பெற்ற நீதானே?

அக்கா, உனக்கு மூத்திரம் அடக்க முடியவில்லை. அதுதானே?

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பும் குழாயும் வால்வும்தான். பழுது என்றால் பழுது பார்க்க வேண்டும், மூடி வைக்கக் கூடாது. ஆமாம், அல்லது இல்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

குளிர் கூடிவிட்டது. கதகதப்பாக இரு.

தாலாய்

*

தாஷ்-பெல்
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் பதில் வரவில்லை. ஜாகிப் அண்ணன் என் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு இரண்டு முறை உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஆட்டுத்தொழுவத்திலிருந்தே, கடிதம் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினாயாம்.

மெலிஸ் அண்ணன் விடுப்பில் இறங்கிவிட்டார். மாற்று ஆள் வருவதற்குள் கீழ்ப்பக்கம் பனிச்சரிவு விழுந்து பாதை மூடிக்கொண்டது. தனியாக இருக்கிறேன். காலையில் வயர்லெஸ்ஸில் பனி அளவைச் சொல்கிறேன். மற்ற நிலையங்களும் சொல்கின்றன. அது முடிந்தால் அன்றைக்கான மனிதக் குரல் முடிந்தது. நேற்று ஜெனரேட்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது.

நான் எழுதியதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஏதோ தப்பு இருக்கிறது, இல்லையென்றால் நீ எழுதியிருப்பாய். அம்மா போன பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தது கிடையாது. அடித்துவிட்டாவது பேசியிருக்கிறாய்.

திட்டியாவது எழுது. ஆடுகளைப் பற்றி மட்டும் எழுதினாலும் சரி.

தாலாய்

*

அக்-தாம்
ஜனவரி 17

தாலாய் தம்பிக்கு,

பாதை திறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மெலிஸ் அண்ணன் மேலே வந்து சேர்ந்தாரா? தனியாக இருந்தபோது ஒழுங்காகச் சமைத்தாயா, ரொட்டியையும் டப்பா மீனையும் தின்றாயா? எனக்குப் பதில் தெரியும், எழுதாதே.

உன் நவம்பர்க் கடிதத்தை அடுப்பில் போட்டேன். படித்து முடித்த உடனேயே போட்டேன். நான் எனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்க்காத விஷயம். என் மடியில் வளர்ந்த பையன் நீல மையில் எழுதி அனுப்பியிருந்தான். பிறகு டிசம்பர்க் கடிதம் வந்தது. ஜெனரேட்டரோடு பேசிய இடத்தில் அழுகை வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆமாம்.

இரண்டு வருஷமாக இருக்கிறது. உன் அத்தான் இறந்த அடுத்த குளிரில் ஆரம்பித்தது. நிரம்பியிருக்காது, ஆனாலும் இப்போதே, இப்போதே என்று பிடித்து இழுக்கும். குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டால் போதும். வீட்டுச் சாவியைப் பூட்டில் வைத்தால் போதும். சில நேரம் போய்ச் சேருவதற்குள்... அதை எழுத மாட்டேன்.

சம்பந்தி வீட்டில் நான் முதலில் தோரில்தான் உட்கார்ந்தேன். அதை யாரும் உன்னிடம் சொல்லவில்லையா? அங்கிருந்து எழுந்தால் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் முட்டியை மடக்கிக்கொள்ள வேண்டும். கழிப்பறை முற்றத்தின் கடைசியில், நாய்க்கூண்டைத் தாண்டி. விருந்தாளி எழுந்தால் வீட்டு மருமகள் வெந்நீர்க் கூஜாவும் துண்டும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும், கைக்குத் தண்ணீர் ஊற்ற. நுர்ஸாத் வந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தோம். மறுபடி எழுந்தேன், மறுபடி வந்தாள். அடுத்த முறை அவள் யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோது கல்புபு அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்கு வளையாத பெண், அம்மா வந்ததும் வெளியே வெளியே ஓடுகிறாள் என்கிற பார்வை. நுர்ஸாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அதனால் அந்தத் தடவை திரும்பி வந்தபோது நான் கதவோரமே உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருந்தால் யாரையும் எழுப்பாமல், யாரையும் கூப்பிடாமல் நழுவிப் போய் வரலாமே என்று. அது இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நம் ஊர் மருத்துவ உதவியாளரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “குளிர் பட்டிருக்கு, கல்லுமேல உக்காந்திருப்பீங்க” என்று சொல்லி ஊசி போட்டார். இந்த வருஷம் நான் எந்தக் கல்மேலும் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நாய்முடியில் பின்னிய இடுப்புப்பட்டை கொடுத்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி அதன்மேல் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். காலையிலிருந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வேன். போகிற வீட்டில் டீ வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் கோபித்துக்கொள்கிறார்கள். அதனால் போவதை விட்டேன். கூப்பிட்டால் வராதவளை எத்தனை முறைதான் கூப்பிடுவார்கள்? இப்போது கூப்பிடுவதில்லை.

வீட்டில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, தெரியுமா? இங்கே முட்டியை மடக்க யாரும் இல்லை. வாளி பக்கத்திலேயே இருக்கிறது.

கல்புபு அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். தொட்டில் விருந்துக்கு வந்தால் உறவாக வந்து தோரில் உட்கார வேண்டுமாம். இல்லையென்றால் தொட்டிலை அவர்களே கடையில் வாங்கிக்கொள்வார்களாம்.

இந்தக் கடிதத்தையும் நீ அடுப்பில் போட்டுவிடு.

சபீரா

*

தாஷ்-பெல்
பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மெலிஸ் அண்ணன் வந்துவிட்டார், திட்டுகிறார், நிம்மதியாக இருக்கிறது. நீ இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது ஒரு குவளை தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். குடித்துக்கொண்டே படி.

முதலில் ஒன்று. நவம்பரில் நான் எழுதிய விஷயம் சரி. எழுதிய முறை சரியில்லை. அவ்வளவுதான், இதற்குமேல் எனக்குச் சொல்ல வராது.

ஒரு டாக்டரிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது முக்கியமில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

இது குளிரால் வருவது இல்லை. நாய்முடிப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு. மூத்திரப் பையின் தசை நேரத்துக்கு முன்பே இறுக்குகிறது. என் பாஷையில் சொன்னால், தொட்டி சின்னதாகிவிடவில்லை. பாதி நிறைந்ததுமே மணி அடிக்கிறது. மணி அடிக்கிற நேரமெல்லாம் நீ ஓடினால் மணி அதையே பழகிக்கொள்ளும். அவசரம் வந்ததும் ஓடாதே. நின்ற இடத்தில் நில், அல்லது உட்கார். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல அடித் தசையை இறுக்கித் தளர்த்து, இறுக்கித் தளர்த்து. அலை தணியும். தணிந்த பிறகு நடந்து போ. நாளாக நாளாக இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். உடனே வராது, மாதக்கணக்கில் ஆகும்.

தண்ணீரை நிறுத்தியது பெரிய தப்பு. குறைத்துக் குடித்தால் மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரிச்சல் கொடுக்கும், அவசரம் கூடும். தண்ணீர் குடி. கறுப்பாகக் காய்ச்சுகிற டீயைத்தான் குறைக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் இதுதான் என்று உறுதியான பிறகு. சர்க்கரை இருந்தாலும் இப்படி வரும், கிருமி இருந்தாலும் வரும். சோதிக்காமல் ஊசி போட்டவரிடம் இனி போகாதே. நாரினில் குல்சைரா என்று ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். அவரிடம் போ. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டாம், அந்தத் தசையைச் சாந்தப்படுத்த.

டாக்ஸியில் போகாதே. ஜாகிப் அண்ணனோடு போ. பனி தள்ளும் வண்டி எங்கே நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்.

இந்த முறை தபால் கட்டில் புருலின் கடிதம் இல்லை. அவள் ஊரிலும் பாதை மூடியிருக்கும்.

தண்ணீர் தீர்ந்துவிட்டதா?

தாலாய்

*

அக்-தாம்
மார்ச் 12

தம்பிக்கு அக்காவின் அன்பு.

நுர்ஸாத் சுகம், வயிறு இறங்கிவிட்டது. ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. ஒரு குட்டி என் அடுப்படியில் படுத்திருக்கிறது, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே. நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாக எப்படி இருக்கிறாய்?

நாரின் போய் வந்தேன். டாக்டர் குல்சைரா உன் வயசுதான் இருப்பார். கதவைச் சாத்திவிட்டு, சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டார், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. கிருமி இல்லை, சர்க்கரை இல்லை. உன் டாக்டர் சொன்னதையே சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாய் மணலாகக் காய்கிறது, வயிறும் இறுகுகிறது. ஆனால் நேற்று மாவு பிசைந்து முடிக்கும்வரை என்னால் நிற்க முடிந்தது. இது உனக்கு ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கும்.

போகிற வழியில் ஜாகிப் என்ன சொன்னார் தெரியுமா? வண்டியை நிறுத்தச் சொல்ல நான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே, “தாலாய்க்கு மருந்து வாங்கத்தானே போறீங்கக்கா? நல்லா கேட்டு வாங்குங்க, பாவம்” என்றார். எந்தத் தாலாய்க்கு, என்ன மருந்து என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் சொன்னார். தலைநகரத்து டாக்டர் வாரம் ஒருமுறை உங்கள் வயர்லெஸ்ஸில் வருவாராமே. அத்தனை நிலையமும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாயாம், மூத்திரம் அடக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று. யாருக்கு என்று அவர் கேட்டாராம்.  “எனக்குத்தான் டாக்டர்” என்றாயாம். ஜாகிப்பின் தம்பி இன்னொரு நிலையத்தில் இருப்பதால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது காலையில் நீ பனி அளவைச் சொல்ல வந்தாலே, “தாலாய், அவசரமா? போயிட்டு வந்து சொல்லு, நாங்க இருக்கோம்” என்று கேலி செய்கிறார்களாம்.

நீ இதை எனக்கு எழுதவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய்? தெரிந்தவர் ஒருவருக்கு என்று சொல்லியிருக்கலாமே.

பதில் எழுது.

சபீரா

*

தாஷ்-பெல்
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மாத்திரை வேலை செய்வது நல்ல செய்தி. வாய் காய்ந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, ஒரேயடியாகக் குடிக்காதே. நன்றாக இருக்கிறது என்று நீயாக நிறுத்தாதே.

ஜாகிப் அண்ணனுக்கு வாய் ஓயாது. தெரிந்தவர் என்றால் டாக்டர் விடமாட்டார், ஆணா பெண்ணா, வயசென்ன என்று கேட்பார். ஐம்பது வயசுப் பெண் என்று சொன்னால் எனக்கு எத்தனை ஐம்பது வயசுப் பெண்களைத் தெரியும் என்று இந்த மலைக்கே தெரியும். என் வயசைச் சொன்னேன், வேலை முடிந்தது. பெண்களுக்கு வந்தாலும் இதேதானா என்று கடைசியில் பொதுவாகக் கேட்டுக்கொண்டேன்.

கேலி செய்கிறார்கள், உண்மை. மேற்கு நிலையத்தில் ஒரு தடியன் இருக்கிறான், ரொம்ப அதிகமாகக் கேலி செய்தவன். போன வாரம் அவன் அலைவரிசையை மாற்றிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அந்தத் தசையை எப்படி இறுக்க வேண்டும், இன்னொரு முறை சொல் என்றான். சொன்னேன். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கேலி செய்தான்.

புருல் கடிதம் வந்தது. நாலு வரி. வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம். காரணம் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பாட்டரிகள் மாற்ற வேண்டும். பனி அளக்கும் இரண்டாவது கம்பம் சாய்ந்துவிட்டது. மெலிஸ் அண்ணன் ஓய்வு பெறப்போகிறார். இந்த வருஷமும் மேலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கீழே வந்து செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

தொட்டிலை நீயே கொண்டுபோ. யாரிடமும் கொடுத்தனுப்பாதே. எங்கே உட்கார முடியுமோ அங்கே உட்கார், தோரோ கதவோரமோ. ஆனால் போ. என்னைப் பற்றி அங்கே யாராவது கேட்டால் ஒன்றும் சொல்லாதே. அது முடிந்துபோன விஷயம்.

நுர்ஸாத்துக்கு என் அன்பு.

தாலாய்

*

அக்-தாம்
மே 20

என் தாலாய்க்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். சரியாகச் சாப்பிட வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

நுர்ஸாத்துக்குப் பையன். உன் மூக்கு. நேற்று தொட்டில் விருந்து நடந்தது. தொட்டிலை நானே கொண்டுபோனேன். ஜாகிப் வண்டியில்தான். வழியில் ஒரு முறைதான் நிறுத்தச் சொன்னேன். பிள்ளையைத் தொட்டிலில் நான்தான் கிடத்தினேன்.

என்னைத் தோரில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். டீ வந்தது, இறைச்சி வந்தது. ஊற்றுகிற சத்தத்தில் ஒரு அலை வந்தது. நீ எழுதியபடி இறுக்கி விட்டேன். போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, தம்பி. இப்படியே எழாமல் ஆசி சொல்லும்வரை உட்கார்ந்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கல்புபு அம்மாள் கேட்டார். எல்லோரும் கேட்கும்படி, அக்கறையாகத்தான் கேட்டார். “உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு சம்பந்தி? அடக்கவே முடியலியாமே, பாவம்.” யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, “அதான் மலைமேலயே இருக்கான். அங்க எங்க நின்னாலும் கழிப்பறைதானே” என்றாள். சிரிப்பு ஒரு சுற்று வந்தது. “எங்க புருல் தப்பிச்சா” என்றார் கல்புபு அம்மாள். புருல் கதவருகே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்துகொண்டிருந்தது.

நீ ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. சின்ன வயசில் நீயும் நான் சொன்னதைக் கேட்டது இல்லை.

“அது அவனுக்கு இல்ல, எனக்கு” என்றேன்.

புரியாமல் பார்த்தார்கள். அதனால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. “ரெண்டு வருஷமா எனக்குத்தான் அந்தச் சீக்கு. என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு அவன் தன் பேரைச் சொல்லிட்டான். போன தடவை நான் கதவோரம் உக்காந்தது உங்க சோத்துல கொறை கண்டு இல்ல சம்பந்தி. நான் எந்திரிக்கிறப்பல்லாம் உங்க மருமக வேலையை விட்டுட்டுக் கூஜாவோட என் பின்னாடி ஓடி வந்தா. அது எனக்குத் தாங்கல.”

 நுர்ஸாத் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்தக் கணத்தில் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கல்புபு அம்மாள், “இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?” என்றார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் முன்பு இருந்த கோபம் இல்லை.

“அன்னிக்கு வாய் வரல” என்றேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மூதாட்டி, அந்த வீட்டுப் பெரிய அத்தை, என்னை முழங்கையால் இடித்தார். “சொல்லியிருந்தா நானும் அன்னிக்கு உன்கூட வந்து கதவோரமே உக்காந்திருப்பேன்டி. இந்தத் தோர்ல உக்காந்து நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்” என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் தங்கள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பிறகு சமையலறையில் என் காதருகே வந்து டாக்டரின் பெயரைக் கேட்டாள்.

அவ்வளவு பேசிய படபடப்பில் இன்னொரு அலை வந்தது. இந்த முறை இறுக்கியும் தணியவில்லை. நான் குணமாகிவிட்டேன் என்று நினைக்காதே. சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை. விருந்து முடிந்து ஆசி சொல்லக் கைகளை விரிக்கிற நேரம். அந்த நேரத்தில் யாரும் எழமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். நான் எழுந்தேன்.

நுர்ஸாத் பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். அதற்குள் புருல் கூஜாவையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். முற்றத்தில் நாய்க்கூண்டுக்குத் தள்ளி நின்று எனக்காகக் காத்திருந்தாள். கைக்கு வெந்நீர் ஊற்றினாள்.  துண்டைத் திரும்ப வாங்கும்போது, ஜாகிப் வண்டி எந்தக் கிழமையில் மேலே போகும் என்று கேட்டாள். சொன்னேன்.

நான் உள்ளே வந்தேன். இரண்டு பக்கமும் முட்டியை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். விரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஆசி சொல்லாமல் காத்திருந்தார்கள். தோரில் என் இடம் காலியாக இருந்தது.

உன் அக்கா
சபீரா